வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? காசநோய் ஒழிப்பில் உலக நாடுகள் கொடுத்த வாக்கு

1. நிழல்மரம்

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு நுரையீரல் காசநோய் வந்தது. ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்று இரண்டு. காலையில் வெறும் வயிற்றில் விழுங்குவேன். அப்புறம் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்தால்தான், இன்றைய மருந்து உள்ளே போய்விட்டது என்று மனம் அடங்கும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. குணமாகிவிட்டேன்.

நான் குணமாகிப் பதினான்கு மாதம் கழித்து என் தங்கைக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுப்பவர்கள்.

நான் சிகிச்சை எடுத்த அந்த ஆறு மாதத்தில், "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. போன வாரம் பழைய சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தேன். உடன் வசிப்பவர்களின் பெயர், வயது, பரிசோதனை செய்யப்பட்டதா என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான்கு வரிகள். நான்கும் வெள்ளையாக இருக்கின்றன. மாத்திரைக் கணக்கு மட்டும் நாள் தவறாமல் குறிக்கப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2018 செப்டம்பர் 26 அன்று ஐ.நா. பொதுச்சபை காசநோய்க்கென்றே முதல் உயர்மட்டக் கூட்டத்தைக் கூட்டியது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 4 கோடிப் பேருக்குச் சிகிச்சை கொடுப்போம், 3 கோடிப் பேருக்குத் தடுப்பு மருந்து (கிருமி தொற்றியிருந்தாலும் நோயாக மாறாமல் தடுக்கும் மாத்திரை) கொடுப்போம் என்று நாடுகள் வாக்குக் கொடுத்தன. சிகிச்சையில் 3.4 கோடி வரை வந்துவிட்டார்கள். நடுவில் கொரோனா வந்ததையும் கணக்கில் எடுத்தால் அது மோசமில்லை. தடுப்பு மருந்தில் 1.55 கோடிதான், ஏறக்குறைய பாதி.

அந்த 3 கோடியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 60 லட்சம் என்பது இலக்கு, கிடைத்தது 1.13 கோடிப் பேருக்கு. இலக்கைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு! நோயாளியின் வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 லட்சம் என்பது இலக்கு, கிடைத்தது 22 லட்சம் பேருக்கு. அதே வீட்டில் இருக்கும் மற்றவர்கள், அதாவது ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், 2 கோடி என்பது இலக்கு. கிடைத்தது 20 லட்சம் பேருக்கு.

பத்தில் ஒருவருக்கு. மீதி ஒன்பது பேரில் என் தங்கையும் ஒருத்தி.

உங்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால், சொல்லுங்கள்: உங்களிடம் யாராவது கேட்டார்களா?


2. தெற்குக்காற்று

உங்கள் தங்கை இப்போது எப்படி இருக்கிறார்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு வந்தபோது எங்களையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஐ.நா. கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 1991-ல் உலக சுகாதாரப் பேரவை ஓர் இலக்கு வைத்தது: 2000-க்குள் நோயாளிகளில் 70 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர்களில் 85 சதவீதத்தினரைக் குணமாக்க வேண்டும். 1993-ல் காசநோயை உலகளாவிய அவசரநிலை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2000 வந்தது, இலக்கு எட்டவில்லை, 2005-க்குத் தள்ளினார்கள். அப்போதும் முழுதாக எட்டவில்லை. 2014-ல் புதிய வியூகம், 2017-ல் மாஸ்கோவில் அமைச்சர்கள் கூடிப் பிரகடனம், 2018-ல் நியூயார்க்கில் நீங்கள் சொன்ன ஐ.நா. கூட்டமும் பிரகடனமும், 2023-ல் மறுபடியும் நியூயார்க்கில் இரண்டாவது கூட்டமும் பிரகடனமும்.

2014-ல் போட்ட கணக்கின்படி, 2015-ஐ ஒப்பிட்டால் 2025-க்குள் இறப்பு 75 சதவீதமும் புதிதாக நோய் வருவது 50 சதவீதமும் குறைந்திருக்க வேண்டும். 2023 வரை குறைந்தது எவ்வளவு தெரியுமா? இறப்பு 23 சதவீதம். புதிதாக நோய் வருவது 8.3 சதவீதம். அந்த ஒரே ஆண்டில் 12.5 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

எந்தப் பிரகடனத்துக்கும் சட்ட வலு கிடையாது. நிறைவேற்றாத நாட்டை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. புகையிலைக்கு எதிராக நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஓர் உலக ஒப்பந்தமே இருக்கிறது. காசநோய்க்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.


3. நிழல்மரம்

தங்கைக்கு நான்காவது மாதம் நடக்கிறது. எடை ஏறியிருக்கிறது. கேட்டதற்கு நன்றி.


4. செவ்வந்தி

நிழல்மரம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதினொரு வருடமாக நான் செய்வது இந்த வேலைதான். ஒருவருக்குக் காசநோய் உறுதியானால் அவர் வீட்டுக்குப் போய், உடன் இருப்பவர்களைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் பரிசோதனைக்குக் கூட்டி வர வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களிடமிருந்துதான் தங்கைக்கு வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வெளியிலும் தொற்றியிருக்கலாம். அந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமக்காதீர்கள். ஆனால் உங்களுக்கு நோய் உறுதியான அன்றே அவளைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிருமி உடம்புக்குள் போனவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களில் நான்கில் ஒருவர் உடம்பில் எப்போதோ அது நுழைந்திருக்கிறது, அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் நோயாக மாறும். மாறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள் நடக்கிறது. தடுப்பு மருந்துக்கு அவ்வளவு அவசரம் இருப்பது அதனால்தான்.

இனி அந்தப் பத்தில் ஒன்று. அது ஏன் அப்படி ஆனது என்பதை உள்ளே இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். நோய்ச்சுமை அதிகமுள்ள நாடுகளில், வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை விரித்ததே 2018-ல்தான். அதுவரை குழந்தைகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களும்தான் பட்டியலில். அதே வருடம் நியூயார்க்கில் 2 கோடி என்று எண் போட்டுவிட்டார்கள். கீழே இருந்த எங்களிடம் அதற்கான பதிவேடு இல்லை, மருந்து இருப்பு இல்லை, போகிறதுக்கு ஆளும் இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் இலக்கைத் தாண்டியதற்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் மாதாமாதம் தங்கள் மருந்துக்காக மையத்துக்கு வருகிறவர்கள். வந்தவர் கையில் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவர்கள் எதற்கு மையத்துக்கு வரப் போகிறார்கள்? நாம்தான் போக வேண்டும்.

போவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிடுவேன். அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். யார் என்று பக்கத்து வீட்டார் கேட்டால் தெரிந்தவர் என்பேன். கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது, "யாராவது பார்த்தார்களா?" என்பதுதான். ஒரு வீட்டில் மருமகளுக்கு நோய் இருந்ததே மாமியாருக்குத் தெரியாது. அரிசிப் பாத்திரத்துக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் நான் பட்டியல் எடுப்பது எப்படி? மூன்று முறை போனேன். நான்காவது முறை அவளே மாமியாரிடம் சொல்லிவிட்டாள், அப்புறம்தான் நடந்தது. ஒரு வீட்டுக்கு நான்கு நடை என்றால், ஒரு நாளைக்கு எத்தனை வீடு?


5. ஆய்வக நண்பன்

செவ்வந்தி அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து.

2023-ல் 1.08 கோடிப் பேருக்கு நோய் வந்ததாக மதிப்பீடு. கண்டுபிடித்துப் பதிவானவர்கள் 82 லட்சம். 1995-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அதுதான் உச்சம், அதை மறுக்கவில்லை. ஆனால் மீதி 26, 27 லட்சம் பேர் எங்கே? அவர்கள் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நோயே இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தேடிக் கொண்டுபோவதற்கு முன்னால், இவர்களைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் நீலப் பின்னணியில் சிவப்பாக மெல்லிய குச்சிகள் தெரியும். ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் அப்படித் தெரியும். அதற்குக் கீழே இருந்தால் நான் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் "இல்லை" என்றுதான் எழுதுவேன். அந்த "இல்லை"யை வாங்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். குழந்தைகளுக்குச் சளியே வராது, வெறும் எச்சில்தான் வரும்.

மூலக்கூறு முறையில் செய்யும் துரிதப் பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும், ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா செய்யாதா என்பதையும் சேர்த்தே சொல்லும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2023 நிலவரப்படி, நோய் உறுதியானவர்களில் 48 சதவீதத்தினருக்குத்தான் முதல் பரிசோதனையாக அது கிடைத்திருக்கிறது. 2027-க்குள் நூற்றுக்கு நூறு என்று 2023 பிரகடனம் சொல்கிறது. எனக்கு அந்த ஒரு வரி நிறைவேறினாலே போதும்.


6. செவ்வந்தி

தம்பி, இரண்டையும் எதிரெதிராக வைக்காதீர்கள். இரண்டுக்கும் நான் தட்டுவது ஒரே கதவைத்தான். உள்ளே போனால் எல்லோரையும் கேட்கிறேன்: இருமல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? நோயாளிகளின் வீடுகளில் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு ஏற்கனவே நோய் இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தேடும் 27 லட்சத்தில் பலர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை உங்கள் மேசைக்கு அனுப்புகிறேன். மீதிப் பேருக்குத் தடுப்பு மருந்து. இதற்கும் அதற்கும் தனித்தனி நடை கிடையாது.


7. ஆய்வக நண்பன்

சரி அக்கா, அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் மாதிரியைப் பார்க்க என்னிடம் கருவி இருக்க வேண்டும், துரிதப் பரிசோதனைக்கு அதில் போடும் கார்ட்ரிட்ஜும் இருக்க வேண்டும். போன வருடம் இரண்டு மாதம் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் திரும்ப நுண்ணோக்கிக்கே போனோம்.


8. ஒற்றைப்பனை

இந்த இழையில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு வந்தது அதுதான். இரண்டு வருட சிகிச்சை. முதல் எட்டு மாதம் தினமும் ஊசி. இடுப்பில் குத்த இடம் இல்லாமல், உட்கார முடியாமல், பக்கவாட்டில் படுத்தே நாள் கழியும். ஆறாவது மாதம் வலது காதில் ரீங்காரம் கேட்டது. மாதாமாதம் காதுப் பரிசோதனை செய்திருக்க வேண்டுமாம். எனக்கு ஒரு தடவைகூடச் செய்யவில்லை. இன்று அந்தக் காது கேட்காது.

இப்போது அதே நோய்க்குப் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், வாய்வழி மாத்திரை மட்டும். பெடாகுவிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என நான்கும் சேர்ந்த முறையை 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலில் சேர்த்தது. ஊசி இல்லை. இதைக் கேள்விப்பட்ட அன்று நான் அழுதேன். எதற்காக என்று எனக்கே இன்னும் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

பெடாகுவிலின் 2012 டிசம்பரிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தேவைப்பட்டவர்கள் கைக்கு வர எத்தனை வருடம்! அதன் காப்புரிமையை இந்தியாவில் நீட்டிக்கக் கேட்டபோது எதிர்த்து மனுப் போட்டவர்களில் இருவர் நோயிலிருந்து பிழைத்தவர்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவருமே சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு மறுக்கப்பட்டது. மற்ற நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி திறந்தது.

2018 வாக்குறுதியில் இந்த வகை நோயாளிகள் 15 லட்சம் பேருக்குச் சிகிச்சை என்று இருந்தது. கிடைத்தது சுமார் 8.25 லட்சம் பேருக்கு. 2023-ல் மறுபடியும் அதே 15 லட்சம். மருந்து எளிதாகிவிட்டது, காலம் குறைந்துவிட்டது. இந்த முறையும் எட்டாவிட்டால் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.


9. வழிப்போக்கன்

நான் இந்தத் தளத்துக்குப் புதிது. இழையைத் தேடி வந்தவன். என் மாமனாருக்குப் போன வாரம் காசநோய் உறுதியானது. எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் நானும் மனைவியும், ஒன்பது வயது மகனும், மாமியாரும். டாக்டர் எங்கள் எல்லோரையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, மகனுக்கு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை எழுதலாம் என்கிறார். அவன் நன்றாக ஓடி விளையாடுகிறான். நோயே இல்லாத பையனுக்கு எதற்கு மருந்து? நாளைக்கு உண்மையாகவே நோய் வந்தால் அந்த மருந்து வேலை செய்யாமல் போய்விடாதா? மாமனாரை வேறு இடத்தில் தங்க வைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. எனக்கும் மனசு வரவில்லை, பயமாகவும் இருக்கிறது.


10. செவ்வந்தி

வழிப்போக்கன், நீங்கள் கேட்கிற மூன்றையும் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது என்னிடம் கேட்கிறார்கள்.

அந்த வாராந்திர மருந்து ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்தது. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு வேளை. முன்பெல்லாம் ஆறு மாதம் தினமும் கொடுத்தோம், பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். இது இரண்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். சிறுநீர் சிவந்து போகும், பயப்பட வேண்டாம். சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து வேலை செய்யாமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு ஒரே நிபந்தனைதான்: மருந்து தொடங்கும் முன் பையனுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துவிட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது அதற்குத்தான். நோய் இருக்கும்போது தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால்தான் ஆபத்து. இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: மாமனாரின் சளியில் ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற முடிவு வந்ததா? கட்டுப்படாத வகை என்றால் பையனுக்கு வேறு மருந்து. அதற்கு லீவோஃப்ளாக்சசின் ஆறு மாதம் என்று 2024-ல் வழிகாட்டுதல் வந்திருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அவரை எங்கேயும் அனுப்பாதீர்கள். 1950களின் பிற்பகுதியில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், வைத்து மருந்து கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு வீட்டிலேயே கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட, வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்த பிறகுதான் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. உங்கள் வீட்டில் தொற்ற வேண்டியது பெரும்பாலும் அவர் மருந்து தொடங்கும் முன்பே தொற்றியிருக்கும். சரியான மருந்து போகப் போக அவரிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் அவர் முகக்கவசம் போடட்டும். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டாம், இது அப்படிப் பரவாது. அவரைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போடாதீர்கள். அந்த வேதனையில் மருந்தையே நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


11. எண்ணும் எழுத்தும்

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். மருத்துவம் தெரியாது, பணத்தை மட்டும் பார்த்தேன்.

2018-ல் சொன்னது: 2022-க்குள் ஆண்டுக்கு 1,300 கோடி டாலர். 2022-ல் இருந்தது 580 கோடி. 2023-ல் சொன்னது: 2027-க்குள் ஆண்டுக்கு 2,200 கோடி. அந்த 2023-ல் இருந்தது 570 கோடி. இலக்கு 900 கோடி ஏறியிருக்கிறது, கையில் இருப்பது 10 கோடி இறங்கியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு 200 கோடி என்றார்கள், வந்தது ஏறக்குறைய பாதி. இப்போது 500 கோடி என்கிறார்கள்.

கிடைக்கும் பணத்தில் சுமார் 80 சதவீதம் அந்தந்த நாடுகளின் சொந்த பட்ஜெட். ஆனால் அது சராசரி, அதை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு சில பெரிய நாடுகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதால்தான் அப்படித் தெரிகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் வெளியிலிருந்து வரும் பணம்தான் திட்டத்தையே ஓட்டுகிறது. அதில் பெரும்பகுதி எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியான குளோபல் ஃபண்ட் வழியாக வருகிறது, அந்த நிதிக்கும் அதிகம் கொடுப்பது அமெரிக்கா. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் பல நாடுகளில் சளி மாதிரியை எடுத்துப் போகும் வண்டியும், வீடு வீடாகப் போகும் ஆட்களும் நின்றுபோனார்கள்.

பணம் குறையும்போது எது முதலில் வெட்டப்படும் என்று என் தொழிலில் நன்றாகத் தெரியும். மருந்தை வெட்ட முடியாது, நோயாளி வாசலில் நிற்பார். கட்டடத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது. பயணப்படிதான் முதலில் போகும். செவ்வந்தி அவர்களின் நான்காவது நடை என்பது கணக்கேட்டில் ஒரு பயணப்படி. நிழல்மரத்தின் அட்டையில் காலியாக இருந்த நான்கு வரிகளை நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.


12. தெற்குக்காற்று

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 2018-ல் அந்த 2 கோடி என்ற எண்ணைப் போடாமல் விட்டிருந்தால், பத்தில் ஒன்று என்று நிழல்மரம் இங்கே வந்து சொல்லியிருக்கவே முடியாது. கேட்பதற்கு ஓர் அளவுகோலாவது கிடைத்திருக்கிறது. அதை ஏற்கிறேன்.

ஆனால் கட்டுப்படுத்தும் வலு வேண்டும் என்பதை விடமாட்டேன். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பல துறைகளையும் சேர்த்துப் பொறுப்புக் கேட்கும் ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் வெளிப்படையாக மறுஆய்வு செய்ய வேண்டும், அதில் நோயிலிருந்து பிழைத்தவர்களும் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் நாடுகளின் விருப்பத்தைப் பொறுத்ததுதான். 2028-ல் ஐ.நா.வில் அடுத்த மறுஆய்வு வருகிறது. அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எண்ணைப் பார்த்து வருத்தப்படுவது போதாது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாடும், "எத்தனை நோயாளிகளின் வீட்டுக்குப் போனோம்" என்ற ஒரு வரியை வெளியிடட்டும். அது போதும் எனக்கு, பிடித்துக் கேட்க.


13. நிழல்மரம்

தெற்குக்காற்று, அந்த ஒரு வரியைத்தான் நானும் கேட்கிறேன். 2023 பிரகடனத்தில் 2027-க்குள் 4.5 கோடிப் பேருக்குத் தடுப்பு மருந்து என்று இருக்கிறது, அதில் 3 கோடி வீட்டில் இருப்பவர்கள். தகுதியானவர்களில் 90 சதவீதத்தை எட்ட வேண்டும். 2023-ல் வீட்டில் இருப்பவர்களில் எட்டியது 21 சதவீதம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நகர்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எனக்கு அந்த ஐந்தில் நான்கு பேரின் முகம் தெரிகிறது.


14. மாலைவெயில்

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினரின் வீட்டில் எல்லோருக்கும் சத்தான உணவுப்பொருள் மாதாமாதம் போனது. இன்னொரு பகுதியில் நோயாளிக்கு மட்டும். எல்லோருக்கும் போன வீடுகளில் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. உலகம் முழுவதும் இந்த நோய்க்கு வழிவிடும் காரணங்களில் சத்துக்குறைவு முன்வரிசையில் நிற்கிறது. சர்க்கரை நோய், புகை, குடி, எச்.ஐ.வி. எல்லாம் அதே வரிசையில்தான். நோயாளிகளின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோய்க்காக இழக்கின்றன. 2020-க்குள் அப்படி ஒரு குடும்பம்கூட இருக்காது என்பதும் 2014-ல் கொடுத்த வாக்குதான்.

அந்த வீட்டுக்குப் போகிறவர் கையில் மாத்திரையோடு ஒரு பை உணவும் இருந்தால், "யாராவது பார்த்தார்களா" என்ற கேள்வியே மாறிவிடும் என்று தோன்றுகிறது.


15. செவ்வந்தி

மாறியிருக்கிறது மாலைவெயில், நான் பார்த்திருக்கிறேன். ஒரு திட்டத்தில் எட்டு மாதம் உணவுப் பையோடு போனோம். கதவு முதல் தட்டிலேயே திறந்தது. திட்டம் முடிந்தது, பையும் நின்றது.


16. ஆய்வக நண்பன்

தடுப்பூசி பற்றிக் கேட்டுத் தனிமடலில் இருவர் எழுதியிருந்தார்கள். இருப்பது பி.சி.ஜி. ஒன்றுதான், 1921 முதல். குழந்தைகளை மோசமான வகைகளிலிருந்து காக்கும், பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுப்பதில் அதை நம்ப முடியாது. எம்72 என்ற புதிய ஊசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முடிவு வரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை அக்கா வீடு வீடாக நடக்கும் நடைதான்.


17. வழிப்போக்கன்

செவ்வந்தி அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மாமனார் எங்கும் போகவில்லை. நேற்றிரவு எல்லோரும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகைதான் என்று முடிவு வந்துவிட்டது.

நால்வரும் எக்ஸ்ரே எடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் வேளை. மாமியாரின் படத்தில் வலது பக்கம் மேலே ஏதோ நிழல் இருக்கிறது என்று சளி கேட்டிருக்கிறார்கள். வயசானவர்களுக்கு வரும் இருமல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். அட்டையில் நான்கு வரியையும் நானே கேட்டு எழுத வைத்தேன்.


18. செவ்வந்தி

நல்ல காரியம் செய்தீர்கள். மாமியாருக்கு இருமல் எத்தனை வாரமாக? இரவில் வியர்க்கிறதா, உடுப்பு தளர்ந்திருக்கிறதா? நாளைக் காலை எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். எச்சில் வேண்டாம். திறந்த இடத்தில் செய்யட்டும். டப்பாவை இறுக்கி மூடி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். துரிதப் பரிசோதனையா, நுண்ணோக்கியா என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.


19. வழிப்போக்கன்

மூன்று வாரமாக இருமுகிறார். வியர்வை பற்றி இப்போதுதான் கேட்டேன். இருக்கிறதாம், எங்களிடம் சொல்லவில்லை. டப்பா வாங்கி வைத்துவிட்டேன். துரிதப் பரிசோதனைதான் செய்வார்களாம். வியாழக்கிழமை முடிவு.